பொங்கலூர் மாமன் கடலில் இறங்கியது

எங்கள் மாமனைப் பற்றி வாயைத் திறந்தால் நான் மூடமாட்டேன் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். இப்படி ஒரு மாமன் அவர்களுக்கு வாய்த்திருந்தால் அவர்களும் மூடமாட்டார்கள். இப்போது நான் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் யாராவது தங்கள் சித்தப்பா கார் வாங்கினார், பெரியப்பா கட்சியில் பதவி வாங்கினார் என்று அளந்தால், முடியும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். அப்புறம்தான் எங்கள் மாமனை எடுத்து விடுவேன். அதற்குமேல் அங்கே யாரும் அளப்பதில்லை.

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு, திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். வட்டமாகச் சுற்றும் மிஷினிலிருந்து பனியன் துணி குழாய்போல இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு ஊசி உடைந்தால் துணியில் நெடுகக் கோடு விழுந்துவிடும். மற்றவர்கள் லைட் போட்டுப் பார்ப்பார்கள். மாமன் துணியைக் கையால் தடவிவிட்டு, ஊசி போச்சு என்று மிஷினை நிறுத்திவிடுவார். எங்கள் அம்மாவும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள்.

ஆனால் மாமனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மிஷின் இல்லை, கிணறு. எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பாறையை வெட்டி வெட்டி இறக்கிய கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் ஒரு தட்டளவுதான் தெரியும். அதில் கயிறு அறுந்து மோட்டார் விழுந்துவிடும், பித்தளைக் குடம் விழுந்துவிடும், ஒருமுறை கல்யாணப் பெண்ணின் கழுத்துச் சங்கிலியே விழுந்துவிட்டது. முதலில் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். கொத்துக் கொத்தாகக் கொக்கி வைத்த இரும்புச் சாமான் அது. அதில் மாட்டவில்லை என்றால் மாமனுக்கு ஆள் அனுப்புவார்கள்.

மாமன் வந்தால் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிடுவார். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுப்பார். படியில் இறங்கித் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு மூச்சு இழுத்து, காணாமல் போய்விடுவார். மேலே நிற்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டும். பிறகு ஒரு கை மேலே வரும். அந்தக் கையில் குடமோ சங்கிலியோ மோட்டாரில் கட்டிய கயிற்றின் நுனியோ இருக்கும். வெறுங்கையோடு அந்தக் கை மேலே வந்து நான் பார்த்ததில்லை. எப்போதாவது ஆள் அவசரமாக வந்து, மாமனைத் தனியே கூப்பிட்டுப் பேசினால், அன்றைக்கு மட்டும் என்னைக் கூட்டிப்போகமாட்டார். மோட்டார் ரொம்பப் பெருசு, குறுக்கே நிக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிடுவாள். நானும் சரி, பெரிய மோட்டார்போல என்று இருந்துவிடுவேன்.

மீசையைச் சொல்லாமல் மாமனைச் சொல்லக்கூடாது. மேலுதட்டை முழுசாக மூடி, இரண்டு கன்னத்திலும் இறங்கி, அப்புறம் மனசு மாறியதுபோல மேலே ஏறும் மீசை. ஷிப்ட் முடிந்து வரும்போது மிஷின் பஞ்சு படிந்து அது வெளேர் என்று இருக்கும். தோட்டத்துக்குப் போகுமுன் திருப்பூரில் எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று சட்டைப்பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்துச் சீவுவார். பஞ்சு பறக்கும், உள்ளே கருகருவென்று மீசை வெளியே வரும். அதைப் பார்க்கவே நான் வாசலில் காத்திருப்பேன். அந்த மீசைக்குத்தான் ஆபத்து வந்தது.

அதே கம்பெனியில் மிஷின் ஃபிட்டராக இருந்தவர் ஒரு தூத்துக்குடிக்காரர். கடற்கரை ஊரில் பிறந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நல்ல மனுஷர், ஆனால் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திருப்பூரில் இருப்பவர்கள் எல்லாம் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுகிறவர்கள் என்கிற மாதிரிப் பேசுவார். எனக்கும் அவருக்கும் ஆகாது. எங்கள் மாமனைவிடப் பெரிதாக ஒன்றைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு ஆகாது.

அது மே மாதம், எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. மாமனுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் கம்பெனிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி ஒரு சேதி சொன்னார். உலகப்போர்க் காலத்தில் கரையோரமாக ரோந்து சுற்றிக்கொண்டிருந்த இரண்டு சின்னப் போர்ப் படகுகள் அவர்கள் ஊருக்கு நேரே கடலில் மூழ்கிக் கிடக்கின்றனவாம். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து தேடுகிறாராம். அண்ணாச்சியின் தம்பியுடைய மீன்பிடி வள்ளத்தைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். காற்றுக்காலமானதால் தண்ணீர் கலங்கி, உள்ளே இறங்கினால் கண் தெரியவில்லையாம்.

"கண்ணு தெரியலீன்னா என்னங்க? கை இல்லீங்களா?" என்றார் மாமன்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஏன் வே, கெணத்துல முங்குத ஆளுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்? எங்க கடல்ல எறங்கிப் பாரும். உம்ம மீசை மட்டுந்தான் மேல மெதக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "தண்ணி எங்கியும் தண்ணிதானுங்க அண்ணாச்சி. நான் வாறனுங்க. அந்தப் படகுல இருந்து ஒரு துண்டு எடுத்தாந்து இதே பெஞ்சு மேல வெக்கறேன். வெக்கலீன்னா மீசைய எடுத்துப்போடறனுங்க."

பாதி வடையைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். மீசையா! ஆனால் பயம் கொஞ்ச நேரம்தான். வெறுங்கையோடு வராத கையாயிற்றே. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் லைன் வீடுகள் அத்தனையிலும் சேதி சொல்லி முடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஒடிசாக்காரருக்குத் தமிழ் வராது. அவருக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிக் காட்டி, மீசையை முறுக்கிக் காட்டி, விஷயத்தை விளங்கவைத்தேன்.

ஆர்டர் குறைந்த மாதம் என்பதால் லீவு சுலபமாகக் கிடைத்தது. நானும் வருவேன் என்று தரையில் புரண்டேன். அண்ணாச்சி குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார், பிள்ளைகள் கூட இருக்கும் என்று மாமன் சொன்னபிறகு அம்மா விட்டாள். விடியற்காலை பஸ் ஏறி, தாராபுரம் பாலத்தில் அமராவதியைப் பார்த்து, இதைவிடக் கடல் எவ்வளவு பெரிசாக இருந்துவிடும் என்று நானும் மாமனும் பேசிக்கொண்டே போனோம். இரண்டு பேருமே அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பந்தயம் கட்டும்போது இது யாருக்கும் தோன்றவில்லை.

பார்த்தபோது மாமன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் அண்ணாச்சியிடம் கேட்டார். "ஏனுங்க அண்ணாச்சி, இதுக்குச் செவுரே இல்லீங்களே?"

அண்ணாச்சி மணலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அவர் பெண்சாதி சிரித்தாள், பிள்ளைகள் சிரித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமன் கோபித்துக்கொள்ளவில்லை. வழக்கம்போலச் செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு நடந்துபோய், குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். உப்பு எரித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே திரும்பி வந்து, "நெசமாவே உப்புத்தான் கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

ஓய்வு பெற்ற அதிகாரியை எல்லோரும் கேப்டன் என்றார்கள். நரைத்த தலைமேல் எப்போதும் ஒரு தொப்பி. குழந்தை என்று ஒதுக்காமல் என்னிடமும் பேசினார். அந்த இரண்டு படகும் ஒரு புயல் நாளில் கரைக்குத் திரும்பவில்லை, போர் நேரம் என்பதால் யாரும் சரியாகத் தேடவில்லை, அதில் இருந்தவர்கள் யார் யார் என்பதுகூட இப்போது தெரியவில்லை என்றார். மீனவர்களின் வலை ஒரே இடத்தில் அடிக்கடி கிழிகிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்த ஊருக்கு வந்தாராம். "கிடைச்சா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "இங்கேதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டோம்னு சொல்லிட்டு வருவேன்மா" என்றார். இரும்பிடம் போய் இதைச் சொல்ல ஒருவர் இவ்வளவு தூரம் வருவாரா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தேடும் முறை எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பாதாளக்கரண்டிதான், கொஞ்சம் பெரிசு. நீளக் கயிற்றில் கொக்கிகளைக் கட்டிக் கடலடியில் போட்டு, வள்ளம் மெல்ல இழுத்துக்கொண்டு போகும். கொக்கி எதிலாவது மாட்டினால் வள்ளம் நிற்கும். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கீழே இறங்கி, மாட்டியிருப்பது பாறையா, பழைய வலையா, படகா என்று பார்த்து வரவேண்டும். காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கும் இரண்டு பேர் அவர்களிடம் இருந்தார்கள். ஒருவருக்குக் காதுவலி வந்து கரையில் படுத்துவிட்டார். மற்றவர் விடாமல் இறங்கிக் களைத்துப்போயிருந்தார். மாற்றி இறங்க ஒரு ஆள் கிடைத்தால் நல்லது என்று கேப்டன் மாமனை வரவேற்றார். பெண்பிள்ளையை வள்ளத்தில் ஏற்றுவது வழக்கமில்லை என்று அண்ணாச்சியின் தம்பி முனகினார். "சின்னப் பிள்ளதானல, ஏறட்டும்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதற்காக அவருடைய பழைய குற்றங்கள் பாதியை நான் மன்னித்தேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் சொல்லாவிட்டால் அண்ணாச்சி சொல்லிவிடுவார், அதைவிட நான் சொல்வது நல்லது. முதல் தடவை கொக்கி மாட்டியதும், மாமன் வள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்று, கிணற்று மேட்டிலிருந்து குதிப்பதுபோல விறைப்பாகக் குதித்தார். நான் கைதட்டினேன். தட்டிய கையை இறக்குமுன் மாமன் மேலே வந்துவிட்டார். மறுபடி முங்கினார். மறுபடி வந்துவிட்டார். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும் என்று எங்கள் பொங்கலூர்க் கிணறு அவருக்குச் சொல்லித்தரவில்லை. கால் இரண்டும் மேலே உதைக்க, தலை கீழே போக மறுக்க, காய்ந்த சுரைக்காய் மாதிரி மிதந்தார். அலை ஒன்று வந்து வாயில் அடித்தது.

"கெணத்துக்காரரே, கடல் உம்மள வேண்டாங்குது வே!" என்று அண்ணாச்சி கத்தினார். வள்ளமே சிரிப்பில் ஆடியது. கேப்டன்கூடத் தொப்பியை முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டார். நான் அண்ணாச்சியை மறுபடியும் முழுசாக வெறுத்தேன்.

மாமன் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஒரு கல்லு குடுங்க" என்றார். அண்ணாச்சியின் தம்பி கயிறு கட்டிய ஒரு கனமான கல்லை நீட்டினார். அதை அணைத்துக்கொண்டு மாமன் இறங்கினார். இந்தத் தடவை அவர் மேலே வரவில்லை. சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். அப்போதுதான் மீசை சொட்டச் சொட்ட மாமனின் முகம் வெளியே வந்தது. "பாறைங்க" என்றார். அவ்வளவுதான். அண்ணாச்சி மெல்ல உட்கார்ந்தார்.

அதற்குப்பின் அன்று முழுவதும் மாமன்தான் இறங்கினார். பாறை, கிழிந்த வலை, உடைந்த நங்கூரம் ஒன்று. உள்ளே இருட்டுத்தான், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்றார். கையால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சிலிண்டர்காரர் ஒருமுறை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரியாகத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினார். சாயங்காலம் கரைக்கு வரும்போது கேப்டன் மாமனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் இருவருக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் உச்சிவெயிலில் கொக்கி மாட்டியது. வள்ளம் சட்டென்று பின்னுக்கு இழுத்தது. மாமன் கல்லோடு இறங்கினார். மேலே வந்து, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேப்டனைப் பார்த்தார்.

"எஞ்சினுங்க."

"நிச்சயமா?"

"வரிசையா போல்ட்டு தட்டுதுங்க. எத்தனை மோட்டார் தூக்கியிருக்கறேன், தெரியாதுங்களா?"

ஆஹா, அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது. கேப்டன் சத்தமே போடாமல் இரண்டு கையையும் கூப்பினார். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை வீசி எறிந்து, "எங்க திருப்பூர் ஆளுல!" என்று தன் தம்பியிடம் கத்தினார். முந்தின நாள் கெணத்துக்காரர், இன்றைக்கு எங்க ஆள்! நான் வள்ளத்துக்குள் குதித்த குதியில் அண்ணாச்சியின் தம்பி என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். மீசை தப்பிவிட்டது. இனி ஒரு துண்டு இரும்பு, அதைப் பெஞ்சில் வைத்தால் முடிந்தது. ஊருக்கு வரும் பஸ்ஸில் அதை என் மடியில்தான் வைத்துக்கொள்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கொக்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் ஏதோ சட்டத்தில் மாட்டியிருக்கிறது, இழுத்தால் ஒரு பகுதி பெயர்ந்து வரும் என்று மாமன் சொன்னார். கேப்டனுக்கும் அடையாளத்துக்கு ஒரு துண்டு தேவைப்பட்டது. ஆட்கள் கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றார்கள். எதுக்கும் இன்னொரு தடவை சுத்திலும் தடவிப் பார்த்துட்டு வந்துடறனுங்க, அப்புறம் இழுங்க என்று சொல்லிவிட்டு மாமன் இறங்கினார்.

இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆயிற்று. மேலே வந்தபோது மூக்கில் லேசாக இரத்தம் கசிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இழுக்காதீங்க" என்றார்.

"ஏன் வே?" என்றார் அண்ணாச்சி.

மாமன் கேப்டனை அருகே கூப்பிட்டார். கேப்டன் குனிந்தார். மாமன் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எனக்குக் காது கூர்மை. "பூட்ஸ் கெடக்குதுங்க. சோடியா" என்றது கேட்டது. அதற்குப் பிறகு சொன்னது அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. கேப்டன் நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"கயிற்றை விட்டுடுங்க" என்றார் கேப்டன். "இங்கே வெட்டிடலாம். கொக்கி அங்கேயே கிடக்கட்டும்."

"வேண்டாமுங்க. அவங்க மேல கொக்கி கெடக்க வேண்டாமுங்க. நானே போயிக் கழட்டிட்டு வந்துடறேன்."

ஏற்கெனவே இத்தனை தடவை இறங்கியாயிற்று, மூக்கில் இரத்தம் வருகிறது, உமக்குப் பைத்தியமா என்று அண்ணாச்சி கையைப் பிடித்தார். சிலிண்டர்காரர் தான் போவதாகச் சொன்னார். எந்தப் பக்கம் கையை வைக்கோணும், எந்தப் பக்கம் வைக்கக்கூடாதுன்னு எனக்குத்தானுங்க தெரியும் என்று சொல்லிவிட்டு மாமன் கல்லை வாங்கிக்கொண்டார். நான் மட்டும்தான் அந்த வள்ளத்தில் கத்திக்கொண்டிருந்தேன். "இழுங்க! துண்டு வேணும்! இழுங்க மாமா!" யாரும் என்னை அதட்டவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

கயிறு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. பிறகு மொத்தமாகத் தளர்ந்து, மாமன் மேலே வந்தார். ஒரு கையில் கொக்கி இருந்தது. அண்ணாச்சியும் அவர் தம்பியும் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டார்கள். கேப்டன் வள்ளத்து மோட்டாரை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அண்ணாச்சி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். மாமனால் நிற்க முடியவில்லை, ஆனாலும் அண்ணாச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"துண்டு எங்க மாமா?" என்றேன்.

"இல்ல கண்ணு. அது அவங்களுது."

"பூட்ஸாச்சும் எடுத்துட்டு வந்திருக்கலாமில்ல?"

மாமன் என் தலையைத் தன் ஈர வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டுக் கரைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நான் யாரிடமும் பேசவில்லை. கண்டுபிடித்தாயிற்று, தொட்டாயிற்று, கையில் இருந்த வெற்றியைக் கடலிலேயே போட்டுவிட்டு வருகிற மனுஷரோடு என்ன பேசுவது?

அண்ணாச்சி வீட்டில் அன்று எங்களுக்காகவே மீன் குழம்பு வைத்திருந்தார்கள். மாமன் குளித்துவிட்டுக் கடைவீதிக்குப் போனார். திரும்பி வந்தவரைப் பார்த்து நான் வீறிட்டு அலறினேன். மீசை இல்லை. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் வெளுத்த தோல் மட்டும் இருந்தது. யாரோ வேறு ஆள் மாமன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

"இன்னும் ஊருக்கே போகல, பெஞ்சுக்கே போகல! அதுக்குள்ள ஏன் மாமா எடுத்தீங்க?"

"எடுத்தாச்சு கண்ணு. உடு."

வாக்குத் தவறாத மாமன்தான், அதற்காக இவ்வளவு அவசரமா? ஒரு நாள் பொறுத்தால் அண்ணாச்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி மன்னிப்பு வாங்கியிருப்பேனே. அவர் மீன் குழம்பைத் தொடவில்லை. சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். தோற்ற துக்கம் என்று நினைத்து என் பங்கையும் நான் பாதியில் வைத்துவிட்டேன். அண்ணாச்சி மாமனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கேலியும் செய்யாதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

திருப்பூர் வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்த அம்மா, மாமனைப் பார்த்த மாத்திரத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆருக்குடா?" என்றாள்.

"பேரு தெரியலீங்கக்கா."

அம்மா உள்ளே போய்த் தண்ணீர் காய வைத்தாள். அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. நான்தான் இடையில் புகுந்து, "யாருக்கும் இல்லம்மா, பந்தயத்துல தோத்துட்டாரு!" என்று விவரம் சொன்னேன்.

கம்பெனியில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். மீசையைச் சுறா தின்றுவிட்டதா, திமிங்கிலம் தின்றுவிட்டதா என்று டீக்கடையில் கேட்டார்கள். அண்ணாச்சி பெஞ்சிலிருந்து எழுந்து, "நடந்தது தெரியாம பேசாதீங்கல" என்று ஆரம்பித்தார். மாமன் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தார். அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். மாமன் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டே டீ குடித்தார். பல நாள் கழித்துப் பேப்பரில் ஒரு மூலையில் படகு கிடைத்த சேதி வந்தது. முறைப்படி எல்லா மரியாதையும் செய்யப்போகிறார்கள் என்று கேப்டன் சொன்னதாக அண்ணாச்சி வந்து சொன்னார். பேப்பரில் எங்கள் மாமன் பேர் இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மீசை வளர்ந்தது, பஞ்சு படிந்தது, நான் பெரியவளாகிக் காலேஜ் போனேன்.

அப்போதுதான் எங்கள் அப்புச்சி, மாமனையும் அம்மாவையும் பெற்றவர், தவறிப்போனார். சுடுகாட்டில் காரியம் முடித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். கொள்ளி வைத்த மாமன் ஈர வேட்டியோடு வாசலில் நின்றார். தலை மொட்டை. மேலுதட்டில் மீசை இல்லை. என் வாழ்நாளில் அந்த வெளுத்த உதட்டை நான் பார்ப்பது அது இரண்டாவது தடவை. கையில் இருந்த தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். கடலுக்குப் போய்வந்த அன்று கதவருகே அம்மா ஆருக்குடா என்று கேட்டது எதை என்று அப்போதுதான் விளங்கியது. அந்த பூட்ஸ் காலியாகக் கிடக்கவில்லை என்பதும், ஆள் தனியே கூப்பிட்டுப் பேசிய நாட்களில் எங்கள் கிணறுகளிலிருந்து மாமன் தன் இரண்டு கைகளில் ஏந்தி மேலே கொண்டுவந்தது மோட்டார் இல்லை என்பதும் அந்த வாசலில்தான் விளங்கியது.

பெற்ற தகப்பனுக்கு எடுக்கிற மீசையை, மகனுமில்லாமல் பேருமில்லாமல் கடலடியில் கிடந்தவர்களுக்காக எங்கள் மாமன் எடுத்துவிட்டு வந்து நின்றார். நான் அதைத் தோல்வி என்று நினைத்து அழுதேன்.